ஓவியம் படிச்சுட்டு ஊசியா?

"அக்கா, பி.எஃப்.ஏ. கடைசி வருஷம். டாட்டூ பக்கம் வரலாமா? சோறு போடுமா?"

கல்லூரித் தம்பி தங்கைகள் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகக் குரல் செய்தி பேசி எனக்குத் தொண்டை கட்டுகிறது. ஒரு தடவை முழுதாக எழுதிவைத்துவிட்டால், அடுத்துக் கேட்பவருக்கு இதை அனுப்பிவிட்டு ஸ்டென்சில் போடப் போய்விடலாம். அந்தச் சுயநலத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நான் திண்டிவனத்துக்காரி. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங் படித்தேன். இப்போது அண்ணா நகரில் இரண்டு நாற்காலி போட்ட சின்ன ஸ்டூடியோ. நான் படித்த கல்லூரி 1850-ல் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. உள்ளே நுழைகிற எல்லோருடைய மனதிலும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் ஆதிமூலத்தின் கோடுகளும்தான் இருக்கும். வெளியே வரும்போது வீட்டு வாடகை இருக்கும். சினிமாவில் ஆர்ட் அசிஸ்டென்ட், விளம்பர நிறுவனம், அனிமேஷன், கேம் கம்பெனி, இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அப்பாவுக்குப் பிடித்தது கடைசியாகச் சொன்னதுதான். 2012-ல் அரசு பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுத்தபோது ஓவியம் படித்த நிறையப் பேர் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்காகப் போராடியதை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். "இருந்தாலும் கவர்மென்ட்டும்மா" என்றார்.

டாட்டூ என்று வீட்டில் சொன்னபோது அம்மா அழவில்லை, கத்தவும் இல்லை. "நாலு வருஷம் படிக்கவெச்சது பச்சை குத்தறதுக்காடி?" என்று கேட்டதோடு சரி. பெரியப்பாதான் உடைத்துப் பேசினார். "அது குறத்திங்க வேலையாச்சேம்மா." அந்த ஒரு வரிக்குள் எத்தனை அடுக்கு என்று பாருங்கள். நம்மைவிடத் தாழ்ந்தவர்கள் என்று அவர் நினைப்பவர்களின் வேலை, பொம்பளைகள் செய்யும் வேலை, தெருவில் கூவிக்கொண்டு போகிற வேலை. "ஆமா பெரியப்பா, அவங்க வேலைதான். அவங்ககிட்ட இருந்துதான் வந்துச்சு" என்றேன். அன்றைக்கு அதற்குமேல் அவர் பேசவில்லை. இன்றுவரை என் ஸ்டூடியோவுக்கும் வந்ததில்லை.

ஆயா மட்டும் சிரித்தது. ஆயாவின் இரண்டு முன்கையிலும் பச்சை உண்டு. இடது கையில் புள்ளி வைத்த ஒரு சின்னக் கோலம். வலது கையில் தேள், அதற்குக் கீழே தாத்தாவின் பெயர். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருஷன் பெயரை வாயால் சொல்லவும் சொல்லாது. ரேஷன் கடையிலோ ஓட்டுச்சாவடியிலோ கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடும். குத்திய அம்மா திண்ணையில் உட்கார்ந்து, நாலைந்து தையல் ஊசியை ஒன்றாகக் கட்டி, பாடிக்கொண்டே குத்தினார்களாம். கூலி கம்பு. "அவ பேசிக்கிட்டே இருப்பா, வலியே தெரியாது" என்று ஆயா சொல்லும். வந்தவரைப் பேச்சில் வைத்திருப்பது இன்றைக்கும் எங்கள் வேலையில் பாதி. ஏசி அறையில் அதற்கு ஒரு ஸ்பீக்கர் வேறு வாங்கி வைத்திருக்கிறோம்.

ஆயாவின் கையில் குத்தியது எந்த மை என்று பிறகு தேடியபோது, பதில் கல்லூரிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நாங்கள் செப்புச் சிலைகளை வரையப் போவோம். அந்த அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் போட்டார். மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்த ஆள். அவருடைய அளவுகோல் எரிச்சலூட்டும். ஆனால் மை செய்யும் முறையைக் கவனமாக எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் தூளும் அகத்திக்கீரையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்கவேண்டும். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, படிகிற கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைக்கவேண்டும். இதைச் செய்து குத்தியவர்கள் குறவர் பெண்கள் என்றும் எழுதியிருக்கிறார். பர்மாவுக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பிய தமிழர்களின் உடம்பில் பர்மியக் கைவேலையைப் பார்த்ததையும் சொல்கிறார். கறுப்பு மையின் அடிப்படை அன்றைக்கும் கரிதான், இன்றைக்கு நான் பாட்டிலில் வாங்குவதும் கரிதான்.

ஆக, இந்த ஊரில் இது பெரும்பாலும் பெண்கள் பெண்களுக்குச் செய்துவந்த வேலை. நான் தொழிலுக்கு வந்தபோது ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஆண்கள்தான் இருந்தார்கள். கறுப்புச் சுவர், ஆங்கிலப் பாட்டு, ஏசி மூன்றும் சேர்ந்ததும் இது கலை ஆகிவிட்டது, விலையும் ஏறியது. அந்தப் பெண்களின் பேத்தி ஒருத்திகூட நான் பார்த்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கவில்லை. திருவிழாக் கூட்டத்தில் பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து 'சுத்தமில்லை' என்று நாம் மூக்கைச் சுளிக்கிறோம். ஒரே ஊசியை இரண்டு பேருக்குப் போட்டால் ஆபத்து, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்தும் காட்ரிட்ஜும் தடுப்பூசியும் அவர்கள் கைக்குப் போய்ச்சேர யாராவது ஏதாவது செய்தார்களா? கலைக் கல்லூரிப் பட்டம் எனக்குக் கொடுத்த முதல் லாபம் கைத்திறன்கூட இல்லை. இதே வேலையைச் செய்தாலும் என்னை யாரும் தெருவில் நிறுத்திப் பேரம் பேசுவதில்லை.

சரி, கைத்திறனுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது அதைத்தானே.

முதல் அதிர்ச்சி இடது கைதான். நாலு வருஷம் வலது கையை மட்டும் பழக்கினோம். இடது கை போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டாட்டூவில் தோலை இழுத்துப் பிடிப்பது இடது கை. அது சரியாக இழுக்காவிட்டால் உலகத்திலேயே சிறந்த வலது கை போட்ட கோடும் நடுங்கும். காகிதம் அசையாது. விலா எலும்புப் பக்கம் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கும். முழங்கை உட்பக்கம் மெல்லிசு, முட்டிமேல் முரடு, விரல் ஓரத்தில் மை நிற்கவே நிற்காது. சிலிகான் தோலில் பழகுவது நல்லதுதான், பழகுங்கள். ஆனால் அது வீங்காது, வியர்க்காது, ரத்தம் வராது, "அக்கா ஒரு நிமிஷம்" என்று கையை இழுத்துக்கொள்ளாது.

அடுத்தது ஆழம். மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் மை இறங்கவேண்டும். சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். மேலோட்டமாக வைத்தால் ஆறும்போது செதிலோடு உதிர்ந்துவிடும். கூடுதலாக இறங்கினால் கோட்டைச் சுற்றி நீலமாகக் கசிந்து பரவும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. இந்த இடத்தில்தான் பிரிண்ட்மேக்கிங் எனக்குக் கைகொடுத்தது. எட்சிங்கில் துத்தநாகத் தகட்டை அமிலத்தில் எத்தனை நேரம் விடுகிறோமோ அத்தனை ஆழம், அத்தனை கருமை. ஒரு கோட்டின் கனம் அதன் அகலத்தில் மட்டும் இல்லை, ஆழத்திலும் இருக்கிறது என்பது என் விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது. குறுக்குக் கோடுகளை அடுக்கி நிழல் காட்டும் பழக்கமும் நேராக இங்கே வந்துவிட்டது. பெயின்டிங் படித்துவிட்டு வருகிறவர்கள் நிறத்தை நம்பி வருவார்கள். அவர்களுக்குக் கோடு வசப்பட நாளாகும்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. எட் ஹார்டி என்ற பெயரைச் சட்டைகளில் பார்த்திருப்பீர்கள், புலியும் மண்டையோடுமாக. அந்த மனிதர் பிரிண்ட்மேக்கிங் படித்தவர். 1967-ல் சான் பிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் பட்டம் வாங்கினார். யேல் பல்கலைக்கழகம் மேல்படிப்புக்குக் கூப்பிட்டது, போகாமல் டாட்டூ பக்கம் வந்துவிட்டார். 1973-ல் ஜப்பானுக்குப் போய் ஹொரிஹிதே என்ற ஆசானிடம் இருந்தார். அடுத்த வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கடை திறந்தார். சுவரில் ஒட்டிய படங்களில் ஒன்றைக் காட்டி 'இதைக் குத்து' என்று சொல்ல முடியாத கடை. முன்பதிவு செய்துகொண்டு வரவேண்டும், பேசவேண்டும், உங்களுக்கென்று வரைந்து கொடுப்பார். இன்று நாம் எல்லோரும் அப்பாயின்ட்மென்ட் புத்தகம் வைத்துக்கொண்டு செய்வது அதைத்தான். 2019-ல் அதே ஊரின் டி யங் அருங்காட்சியகம் அவருடைய வேலைகளைக் கண்காட்சியாக வைத்தது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "அமெரிக்காவுல எல்லாம் நடக்கும்" என்றார்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. எடிசன் 1870-களில் கடிதங்களைப் பிரதி எடுக்க ஒரு மின்சாரப் பேனா செய்தார், ஊசி ஏறி இறங்கிக் காகிதத்தில் ஓட்டை போடும். அந்த வழியிலேயே நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரைலி 1891-ல் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். பிரதி எடுக்கிற கருவியில்தான் நம் பிழைப்பு ஆரம்பித்திருக்கிறது என்பது அச்சுக்கலை படித்தவளுக்குச் சந்தோஷம். காயில், ரோட்டரி, பேனா மெஷின் என்று எது வாங்கலாம் என்று கேட்காதீர்கள். ஒரு சுமாரான ரோட்டரி போதும், ஊசியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்று சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: நல்ல ஏசி. சென்னை மே மாதத்தில் வியர்வையில் ஸ்டென்சில் அழிந்துவிடும்.

கல்லூரியும் சொல்லித்தராத, இணைய வீடியோவும் சொல்லித்தராத விஷயம் நம் தோலின் நிறம். வருகிறவர்கள் காட்டும் மாதிரிப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் தோலில் போட்டவை. அதுவும் அன்றைக்கே எடுத்த போட்டோ, ஃபில்டர் வேறு. மை தங்குவது அடித்தோலில். அதற்கு மேலே நம் மெலனின் இருக்கிறது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கோலப்பொடியைப் பார்ப்பது மாதிரி, எந்த நிறம் வைத்தாலும் அந்தப் பழுப்பின் வழியாகத்தான் தெரியும். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் இளநீலமும் ஒரு வருஷத்தில் மங்கிப்போகும். கறுப்பும், ஆழ்ந்த சிவப்பும், குத்தாமல் விட்ட தோலும் நிற்கும். குத்தாமல் விட்ட தோலைத்தான் நான் என் மூன்றாவது நிறமாக வைத்திருக்கிறேன். மாநிறத்துக்கு மேல் கருத்த தோலில் பெரிய வடிவம், தெளிவான இடைவெளி, திடமான கறுப்பு வைத்தால் வருகிற கம்பீரம் எந்த வாட்டர்கலர் டாட்டூவுக்கும் வராது. "என் கலருக்கு டாட்டூ எடுக்காதுல்ல அக்கா?" என்று தயங்கிக்கொண்டு வருகிற பெண்கள் நிறைய. எடுக்காது என்று அவர்களிடம் சொன்னவர்களுக்கு வரையத் தெரியவில்லை.

மை எப்படி அங்கே நிற்கிறது என்பதே எனக்கு ரொம்ப நாள் புதிர். தோல் சாயம் ஏறிக் கிடக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2018-ல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டியது வேறு. உடம்பு மையை வெளியாள் என்று நினைத்து விழுங்கு செல்களை அனுப்புகிறது. அவை மையை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் சாகும்போது மை வெளியே வருகிறது, பக்கத்தில் வரும் புதுச் செல் அதை எடுத்து விழுங்குகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் படம் அதே இடத்தில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கோடுகளுக்கு நடுவே விடும் இடைவெளியைக் கூட்டிவிட்டேன். காலப்போக்கில் எல்லாக் கோடும் கொஞ்சம் தடிக்கும் என்று அனுபவத்தில் தெரியும், அதற்கு இடம் விட்டு வரையவேண்டும். இன்றைய போட்டோவுக்கு வரைகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்துக் கடைத்தெருவில் அந்தக் கையைப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று வரைகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதில் அதிகம் அடிபடுவது நம் எழுத்து. மணிக்கட்டில் 'அம்மா' கேட்பார்கள், அரை அங்குலத்தில். ம-வுக்குச் சிக்கல் இல்லை, அ-வின் சுழிக்குள் வெளிச்சம் வேண்டும். ஞ, ண, ஐ எல்லாம் வந்தால் அந்த அளவில் இரண்டே வருஷத்தில் உள்ளே அடைத்துக்கொள்ளும். புள்ளி கோட்டோடு ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து போச்சு. அதைவிடக் கொடுமை கம்ப்யூட்டர். சில வரைகலை மென்பொருளில் தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதை அப்படியே ஸ்டென்சில் எடுத்துக் குத்திவிடுகிறார்கள். தமிழ் தெரியாத ஊரில் போட்டுக்கொண்டு வந்து, சரிசெய்ய என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நான் தமிழெழுத்தைக் கையால்தான் எழுதுகிறேன். அதற்குக் கல்லூரிக்கு நன்றி சொல்லமுடியாது, என் சித்தப்பாவுக்குத்தான் சொல்லவேண்டும். அவர் திண்டிவனத்தில் சுவர் விளம்பரம் எழுதியவர். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவர்தான் எழுதுவார். தட்டைத் தூரிகையைத் திருப்பாமல் 'ழ' போடுவதை நான் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்து அவர் தொழிலை முடித்துவைத்தது. அவர் எழுத்து இப்போது கொஞ்சம் பேர் தோளில் இருக்கிறது.

கட்டம் போட்டு முகம் எடுப்பதும் சித்தப்பாவின் சுவர் விளம்பர உலகத்திலிருந்து கற்றதுதான். இங்கே முகம் கேட்டு வருகிறவர்கள் அதிகம். நடிகர், தலைவர் முகங்கள் ஒரு பக்கம். 2016-ல் ஜெயலலிதா பிறந்தநாளையொட்டிக் கட்சிக்காரர்கள் சென்னையில் கூட்டமாக அவர் முகத்தைக் குத்திக்கொண்டது நினைவிருக்கும். இன்னொரு பக்கம் செத்துப்போன அப்பா, அம்மா. கையில் இருக்கும் ஒரே படம் ஆதார் அட்டையில் இருப்பது. அதில் யாரும் அவராக இருப்பதில்லை. நான் உட்காரவைத்துக் கேட்பேன்: சிரித்தால் கன்னத்தில் என்ன ஆகும், மீசையை எப்படி வைத்திருந்தார், கண்ணாடி மூக்கில் எங்கே நிற்கும். லைஃப் ஸ்டடி வகுப்பில் மணிக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்த பழக்கம் இங்கே காசாகிறது என்று சொன்னால் தப்பில்லை. ஒரு தடவை ஒரு லாரி டிரைவர் அண்ணன், அம்மா முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தோடு மட்டும் மாத்தணும்மா. இது அடகுல போனது. வேற போட்டுருந்தாங்க" என்றார். தோட்டை அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன்.

முடியாது என்று சொல்லவும் பழகவேண்டும், அது வருமானத்தில் அடிக்கும். பதினெட்டு வயது ஆகாதவருக்கு, குடித்துவிட்டு வருகிறவருக்கு நான் போடுவதில்லை. சாமி படத்தை இடுப்புக்குக் கீழே போடுவதில்லை. எனக்குப் பெரிய பக்தி எல்லாம் இல்லை, ஆனால் நாளைக்கு அவர் மாமியார் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தழும்பு தடித்து வளரும் உடம்பா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பேன். வெண்புள்ளியோ சொரியாசிஸோ இருந்தால் ஊசி பட்ட இடத்திலேயே அது புதிதாகக் கிளம்பக்கூடும், தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச்சொல்வேன். சிசேரியன் தழும்பையோ தீக்காயத்தையோ மறைக்க வரும் பெண்கள் பெண் ஆர்ட்டிஸ்ட் என்று தேடித்தான் என்னிடம் வருகிறார்கள். தழும்புக்கு ஒரு வருஷமாவது ஆகியிருக்கவேண்டும். கையில் கோடு கோடாக இருக்கும் தழும்புகளோடு வருகிறவர்களிடம் நான் எதுவும் கேட்பதில்லை. என்ன பூ பிடிக்கும் என்று மட்டும் கேட்பேன்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்கள் வந்தால் முதல் கேள்வி: "தம்பி, ஆர்மி, போலீஸ்னு ஏதாவது யோசனை இருக்கா?" மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பு விதியில் டாட்டூ இடது முன்கையின் உட்பக்கத்திலோ புறங்கையிலோ இருக்கலாம். சல்யூட் அடிக்கும் வலது கையில் கூடாது. அந்த உறுப்பின் அளவில் கால் பங்குக்குள் அடங்கவேண்டும், மதச் சின்னமோ பெயரோ ஆக இருக்கவேண்டும். பதினெட்டு வயதில் வலது கை முழுக்கச் சிங்கம் போட்டுக்கொண்டு இருபது வயதில் லேசர் எங்கே எடுப்பார்கள் என்று கேட்டு வருவார்கள். கறுப்பு மை லேசருக்கு ஓரளவு மசியும். பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விட்டுப் பல முறை போகவேண்டும், போட்டதைப்போலப் பல மடங்கு செலவு. ரத்ததானம் செய்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், குத்திய பின் ஒரு வருஷம் கொடுக்கமுடியாது.

இப்போது காசு. சென்னையில் சதுர அங்குலக் கணக்குதான் நடப்பு. 300 ரூபாய்க்கும் ஆள் உண்டு, 1,500-க்கும் ஆள் உண்டு. கடையில் சேர்ந்தால் முதலில் சம்பளமே இருக்காது. தரை துடைப்பது, வயரைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றுவது, ஸ்டென்சில் எடுப்பது, டீ வாங்குவது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் சர்டிஃபிகேட் தருகிறேன் என்கிற இடங்களைவிட்டுத் தள்ளி நில்லுங்கள், அந்தக் காகிதத்தை யாரும் கேட்கமாட்டார்கள். கை பழகியதும் பங்கு முறை வரும். பொருள் நம்முடையது என்றால் பாதிக்குப் பாதி, கடையுடையது என்றால் நமக்குக் குறைவு. மாதம் ஒரே மாதிரி வராது. காதலர் தினமும் புத்தாண்டும் தீபாவளி போனஸும் நம்மைக் காப்பாற்றும். கார்த்திகையில் மாலை போட்ட ஆண்கள் வரமாட்டார்கள். என்னுடைய வருமானத்தில் முக்கால்வாசி வேலும் மயிலிறகும் பெயர்களும்தான். பெரிய வேலை, என் கோட்டோடு நான் வரைந்தது, எப்போதாவதுதான் அமைகிறது. கல்லூரித் தோழிகள் சிலர், "இதுக்குப் பேரு கிரியேட்டிவிட்டியா?" என்பார்கள். முந்நூறாவது வேலும் சரியான இடத்தில் சரியான சாய்வில் நிற்கவேண்டும், அந்தக் கையின் தசை திரும்பும்போது அது வளையக்கூடாது. அதைச் செய்து பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இந்தத் தொழிலுக்கென்று தேர்வெழுதி வாங்கும் உரிமம் எதையும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் கடை திறந்தபோது கேட்டது மாநகராட்சித் தொழில் உரிமம். அந்த இடைவெளியில்தான் எல்லாக் கூத்தும் நடக்கிறது. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிட்ட விவகாரம் வெளியாகி, இரண்டு பேரைக் கைது செய்து கடைக்குச் சீல் வைத்தார்கள். அறுவைச் சிகிச்சை நம் வேலை இல்லை, அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அடுத்த வருஷம் நாம் சாதாரணமாக வைக்கும் ஒரு நீலமும் ஒரு பச்சையும் அதில் சேர்ந்தன. இங்கே பெரிய பிராண்டு பாட்டிலின் போலியே பாதி விலைக்குக் கிடைக்கிறது. எனவே மையை நம்பகமான விநியோகஸ்தரிடம் பில்லோடு வாங்குங்கள், பாட்டிலின் தொகுப்பு எண்ணை வாடிக்கையாளர் படிவத்தில் எழுதிவையுங்கள். பயன்படுத்திய ஊசி குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது. குத்தித் துளைக்கமுடியாத வெள்ளை டப்பாவில் போட்டு, மருத்துவக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுக்கவேண்டும். அதை எடுக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு உங்கள் ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

வரலாமா என்று கேட்டவர்களுக்கு: வரலாம். என் ஸ்டூடியோவில் பழக வேண்டுமென்றால் இவ்வளவுதான் கேட்பேன். போர்ட்ஃபோலியோவில் நிறம் வேண்டாம், கோடு மட்டும் வேண்டும், அழிக்காத பேனாவில். தமிழெழுத்து ஒரு தாள் முழுக்கக் கையால் எழுதியது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பச்சை குத்திய பாட்டி யாராவது இருந்தால் அவர் கையைப் பார்த்து வரைந்த ஒரு படம், யார் குத்தினார்கள், எங்கே, என்ன கொடுத்தார்கள் என்ற விவரத்தோடு. அப்புறம் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. இன்றைக்கு ஒன்று, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றாவது போட்ட சீட்டைக் காட்டும்வரை தரையும் ஸ்டென்சிலும்தான், மெஷினைத் தொடவிடமாட்டேன். திங்கட்கிழமை கடை விடுமுறை, அன்றைக்கு மட்டும் போன் செய்யாதீர்கள்.